சாலை சைக்கிள் ரேஸ்: எந்த வயதில், எந்த வரிசையில் நிற்பது?

ஆடி மாதத்து எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு இந்த விளையாட்டின் பாதி சூட்சுமம் ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது முன்னால் ஓர் அண்ணன் மிதித்துப் போவார். அவருடைய பின்சக்கரத்தை ஒட்டியே நாமும் போனால் கால் வலி பாதியாகக் குறையும். அவர் சட்டென்று ஒதுங்கிவிட்டால் யாரோ நெஞ்சில் கை வைத்துத் தள்ளுவது போல இருக்கும். சாலை சைக்கிள் ரேஸ் என்பது பெரும்பாலும் அந்த அண்ணனின் பின்சக்கரத்தைப் பற்றியதுதான்.

நான் இருப்பது கிழக்கு லண்டனில், இல்ஃபோர்டு பக்கம். தமிழ்க் குடும்பங்கள் நிறைய இருக்கும் இடம். கொஞ்ச தூரத்தில் ஹெய்னால்ட்டில் ஹாக் ஹில் என்று சைக்கிளுக்கென்றே போட்ட ஒரு வளையச் சாலை இருக்கிறது. ஒரு சுற்று சுமார் 2 கிலோமீட்டர், ஒவ்வொரு சுற்றிலும் மூச்சு வாங்க வைக்கும் ஒரு மேடு. கார், பஸ் எதுவும் வராது. பிள்ளைகளைக் கிரிக்கெட்டுக்கும் நீச்சலுக்கும் கூட்டிப் போகிற நம் பெற்றோர்கள் இந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறார்கள். கேட்டால், "அதெல்லாம் டூர் டி பிரான்ஸ் ஆட்களுக்கு" என்கிறார்கள். அந்த எண்ணத்தை மாற்றத்தான் இதை எழுதுகிறேன். ஏழு வயதுக் குழந்தையும், எழுபது வயதுத் தாத்தாவும், கண் தெரியாதவரும், கால் இழந்தவரும் தங்களுக்குச் சமமானவர்களோடு மோதிப் பார்க்க இந்த விளையாட்டு தனித்தனியாக வழி செய்து வைத்திருக்கிறது. எனக்குத் தெரிந்த பிரிட்டனையே உதாரணமாக எடுத்துக்கொள்கிறேன். பெயர்களும் எழுத்துகளும் மாறினாலும் மற்ற நாடுகளிலும் அடிப்படை இதுதான்.

முதலில் காற்று

சமதளத்தில் வேகமாக ஓட்டும்போது நம் உழைப்பில் பெரும்பங்கு காற்றைப் பிளக்கவே செலவாகிறது. வேகத்தை இரண்டு மடங்காக்கினால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அந்த வேகத்திலேயே தொடர்ந்து போக, காற்றுக்காக மட்டும் கால்கள் தர வேண்டிய திறன் எட்டு மடங்கு. அதனால்தான் 20 கிலோமீட்டர் வேகம் உலாவப் போவது போலவும் 40 கிலோமீட்டர் வேகம் சுவரில் முட்டுவது போலவும் இருக்கின்றன.

முன்னால் போகிறவரின் சக்கரத்தை ஒட்டிப் போனால் அந்த உழைப்பில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு மிச்சம். பெரிய கூட்டத்தின் நடுவில் இன்னும் சுகம். 2018-இல் பெர்ட் பிளாக்கன் என்ற பெல்ஜிய ஆய்வாளரின் குழு 121 பேர் கொண்ட கூட்டத்தைக் காற்றுச் சுரங்கத்திலும் கணினியிலும் வைத்துச் சோதித்தது. கூட்டத்தின் உள்ளே ஆழமாக இருப்பவருக்கு, தனியாக ஓட்டினால் வரும் காற்றெதிர்ப்பில் 5 முதல் 10 சதவீதம்தான் வருகிறது என்று கண்டார்கள். இந்தக் கூட்டத்துக்குப் பிரெஞ்சில் பெலோட்டான் என்று பெயர், உலகம் முழுக்க அப்படியேதான் சொல்கிறார்கள்.

இதிலிருந்துதான் ரேஸின் எல்லாக் கணக்கும் பிறக்கிறது. முன்னால் இருப்பவர் எல்லாருக்காகவும் எதிர்காற்றை நெஞ்சில் வாங்குகிறார். கொஞ்ச நேரத்தில் களைத்து ஒதுங்குகிறார், அடுத்தவர் முன்னால் வருகிறார். போட்டியாளர்களே ஒருவருக்கொருவர் உதவினால்தான் இருவரும் பிழைக்க முடியும், ஆனால் கடைசி 200 மீட்டரில் ஒருவர்தான் ஜெயிப்பார். இந்த முரண்பாடு வேறு எந்த விளையாட்டிலும் எனக்கு இவ்வளவு பிடித்ததில்லை. கூட்டத்தை விட்டுச் சிலர் முன்னால் பிய்த்துக்கொண்டு போனால் அது பிரேக்அவே. துரத்தும் கூட்டத்தில் "நான் ஏன் முன்னால் போய்க் காற்று வாங்க வேண்டும், அவன் போகட்டும்" என்று ஆளுக்கு ஆள் பார்த்துக்கொண்டிருந்தால் முன்னால் போனவர் தப்பித்துவிடுவார்.

டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021 ஜூலை 25 அன்று நடந்தது அதுதான். ஆஸ்திரியாவின் அன்னா கீசன்ஹோஃபர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர், அப்போது எந்தத் தொழில்முறை அணியிலும் இல்லை. பெண்களுக்கான 137 கிலோமீட்டர் பந்தயத்தில் தொடக்கத்திலேயே சிலரோடு முன்னால் போனார். சுமார் 40 கிலோமீட்டர் மிச்சமிருக்கும்போது அவர்களையும் உதறிவிட்டுத் தனியாகப் போனார். ஒலிம்பிக்கில் அணியோடு பேசக் காதில் ரேடியோ கிடையாது. பின்னால் வந்த பலமான டச்சு அணி, முன்னால் இன்னும் ஒருவர் இருப்பதையே தவறவிட்டது. கீசன்ஹோஃபர் ஜெயித்து 1 நிமிடம் 15 விநாடி கழித்துக் கோட்டைத் தாண்டிய அந்த அணியின் அனமீக் வான் ஃப்ளூட்டன், தங்கம் தனக்குத்தான் என்று நினைத்துக் கைகளை உயர்த்தினார்.

வளையம், சாலை, தனி ஓட்டம்

புதியவர்கள் தொடங்குவது வளையச் சாலைப் பந்தயத்தில். ஹாக் ஹில் போன்ற மூடிய பாதையில் 40 நிமிடம், ஒரு மணி நேரம் என்று சுற்றிக்கொண்டே இருப்பார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். திறந்த சாலையில் ஊர் விட்டு ஊர் போகும் பந்தயங்கள் அனுபவம் வந்த பிறகு. பல நாள் தொடராக நடப்பவை அதற்கும் மேலே. 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் அந்த வகை, இப்போது 21 கட்டம்.

மூன்றாவது வகை டைம் டிரையல். ஒரு நிமிட இடைவெளியில் ஒவ்வொருவராகக் கிளம்புவார்கள். யாருடைய பின்சக்கரத்திலும் ஒட்டக் கூடாது, காற்று முழுக்க உங்கள் பங்கு. கூட்டத்துக்குப் பயப்படுகிறவர்கள், வயதில் மூத்தவர்கள் பலர் இதில்தான் தொடங்குகிறார்கள். நான் சொல்லும் ஆலோசனையும் அதுதான். 10 மைல் டைம் டிரையல் ஒன்றை ஓட்டிப் பாருங்கள். யாரையும் இடிக்கும் பயமில்லை, உங்கள் நேரம் விநாடிக் கணக்கில் கையில் கிடைக்கும்.

இந்த வகை பிரிட்டனில் இவ்வளவு வேர்விட்டதற்கு ஒரு வரலாறு உண்டு. 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில், சாலையில் கூட்டமாக ரேஸ் விட்டால் காவல்துறை சைக்கிளையே தடை செய்துவிடும் என்று இங்குள்ள சைக்கிள் சங்கம் பயந்தது. சாலைப் பந்தயத்தையே அது கைவிட்டது. அப்போது எஃப். டி. பிட்லேக் என்பவர் 1895-இல் வேறு வழி கண்டார். ஆட்களை ஒவ்வொருவராக அனுப்பினால் அது பந்தயம் என்றே வெளியே தெரியாது. விடியற்காலையில், கறுப்பு உடையில் ஓட்டினார்கள். எந்தச் சாலை என்று வெளியாருக்குத் தெரியாமலிருக்கப் பாதைகளுக்குச் சங்கேத எண்கள் வைத்தார்கள். இன்றும் ஹல் நகரத்துப் பக்கம் இருக்கும் வேகமான பாதையை V718 என்றுதான் சொல்கிறார்கள். கூட்டப் பந்தயம் திரும்பி வந்தது 1942 ஜூன் 7 அன்று. பெர்சி ஸ்டாலார்ட் என்பவர் தடையை மீறி, வேல்ஸின் லாங்கொலனிலிருந்து வுல்வர்ஹாம்ப்டன் வரை 40 பேரை ஓட்ட வைத்தார். சங்கம் அவரை விலக்கியது. அவர் பக்கம் நின்றவர்கள் தனிச் சங்கம் தொடங்கினார்கள். இரண்டு தரப்பும் ஒன்றாகச் சேர்ந்தது 1959-இல்தான்.

வயதுப்படி

பிரிட்டனில் சிறுவர் பிரிவுகளுக்கு எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். 8 வயதுக்கு உட்பட்டோர் E, 10-க்கு உட்பட்டோர் D, 12-க்கு C, 14-க்கு B, 16-க்கு A. சின்னப் பிள்ளைகளுக்குப் பத்து நிமிடம்கூட நிறைய. எல்லாமே மூடிய பாதையில்தான்.

குழந்தைகள் பந்தயத்துக்கு முதன்முறை போகிறவர்களை வியக்க வைக்கும் ஒரு காட்சி உண்டு. தொடங்கும் முன் நடுவர் ஒருவர் ஒவ்வொரு சைக்கிளையும் ஆகப் பெரிய கியரில் போடச் சொல்வார். பெடலை நேராக நிறுத்தி, சைக்கிளைப் பின்னோக்கி மெல்ல உருட்டுவார். தரையில் இரண்டு கோடு கிழித்திருக்கும். பெடல் ஒரு முழுச் சுற்று வருவதற்குள் சக்கரம் இரண்டாவது கோட்டைத் தாண்டிவிட்டால் அந்தக் கியரோடு ஓட விட மாட்டார்கள். அப்பா ஒருவர் பதற்றத்தோடு மண்டியிட்டு, ஸ்க்ரூ டிரைவரால் கியர் மாற்றும் கருவியைத் திருகிப் பெரிய கியருக்குச் சங்கிலி போகாமல் அடைப்பார். மகள் பக்கத்தில் ஹெல்மெட்டோடு, ஒற்றைக் காலை மாற்றி மாற்றி ஊன்றிக்கொண்டு நிற்பாள்.

இது ஏன்? வளரும் முழங்காலால் கனமான கியரை அழுத்தக் கூடாது, லேசான கியரில் வேகமாகச் சுழற்றப் பழக வேண்டும் என்பது ஒரு காரணம். பதின்மூன்று வயதிலேயே மீசை முளைத்துத் தோள் அகன்ற பையனும், இன்னும் வளராத பையனும் ஒரே கோட்டில் நிற்கும்போது, உடல் பலம் மட்டுமே முடிவு செய்துவிடக் கூடாது என்பது இன்னொரு காரணம். 17, 18 வயது ஜூனியர்களுக்கும் இந்த வரம்பு இருந்தது. ஒரு மிதிச் சுற்றுக்கு 7.93 மீட்டர். சர்வதேசச் சைக்கிள் சங்கமான யூசிஐ அதை 2023-இல் எடுத்துவிட்டது. சிறுவர்களுக்காவது அது தொடர வேண்டும் என்பது என் கருத்து.

ஜூனியருக்கு மேலே 19 முதல் 22 வரை ஒரு பிரிவு, 23-இலிருந்து எலைட் என்ற பெரியவர் பிரிவு. சர்வதேச அளவில் வயதைப் பிறந்தநாள் வைத்துப் பார்ப்பதில்லை, பிறந்த ஆண்டை வைத்துப் பார்க்கிறார்கள். டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஜனவரியில் பிறந்த பிள்ளையும் ஒன்றாகத்தான் ஓட வேண்டும். டிசம்பர்ப் பிள்ளையின் பெற்றோர் இதை மனதில் வைத்து, முடிவுகளைப் பார்த்துச் சோர்ந்துவிடாமல் இருக்க வேண்டும்.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இந்த நாடு செய்திருக்கும் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. மூத்தோர் சங்கப் பந்தயங்களில் ஐந்து ஐந்து வயதாகப் பிரித்து ஓட விடுகிறார்கள். டைம் டிரையலில் அதைவிட அழகாக ஒன்று உண்டு. மூத்தோர் டைம் டிரையல் சங்கம் ஒவ்வொரு வயதுக்கும், ஒவ்வொரு தூரத்துக்கும் ஒரு நிர்ணய நேரம் வைத்திருக்கிறது. உங்கள் நேரம் அதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதுதான் கணக்கு. ஒரு பேச்சுக்கு, 45 வயதுக்காரருக்கு 26 நிமிடம், 70 வயதுக்காரருக்கு 30 நிமிடம் நிர்ணயம் என்று வைத்துக்கொள்வோம். முதலாமவர் 24 நிமிடத்தில் முடித்தார், இரண்டாமவர் 27 நிமிடத்தில் முடித்தார் என்றால் கோப்பை தாத்தாவுக்கு.

வயதைப் பற்றிப் பேசும்போது பெரில் பர்ட்டனைச் சொல்லாமல் போக முடியாது. யார்க்‌ஷயரில் ருபார்ப் பண்ணையில் கூலி வேலை செய்தவர், கடைசிவரை தொழில்முறைக்குப் போகாதவர். 1967 செப்டம்பரில் 12 மணி நேரப் பந்தயத்தில் 277.25 மைல், அதாவது சுமார் 446 கிலோமீட்டர் ஓட்டினார். அன்று ஆண்கள் பிரிவில் முதலாவதாக வந்துகொண்டிருந்த மைக் மெக்னமாராவைக் கடந்து போகும்போது, சட்டைப் பையிலிருந்து ஒரு லிகொரிஸ் மிட்டாயை எடுத்து நீட்டினார். அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார். அன்று மெக்னமாரா ஓட்டியதே ஆண்களுக்கான புதிய சாதனை, ஆனால் பெரில் அதற்கும் மேலே போயிருந்தார். பெண்கள் பிரிவில் அந்தத் தூரத்தை 2017 வரை யாரும் தாண்டவில்லை.

1976 தேசியப் போட்டியில் பெரிலுக்கு வயது 39, மகள் டெனிஸுக்கு 20. இருவரும் முன்னணிக் குழுவில் சேர்ந்து போய், கடைசி ஸ்பிரிண்டில் நூலிழையில் மகள் ஜெயித்தாள். மேடையில் அம்மா மகளுக்குக் கை கொடுக்கவில்லை. முன்னால் வந்து காற்று வாங்க வேண்டிய தன் பங்கை மகள் சரியாகச் செய்யவில்லை என்பதுதான் கோபம். இதைக் கேட்டுச் சிலர் முகம் சுளிக்கிறார்கள். பின்சக்கரத்தின் மதிப்பு தெரிந்தவர்களுக்கு அந்த அம்மாவின் ஆத்திரமும் புரியும், அந்த மகளின் வெற்றியும் புரியும்.

பலத்துக்குத் தக்கபடி

பெரியவர்களை வயதை மட்டும் வைத்துப் பிரித்தால் போதாது. முப்பது வயதில் புதிதாக வருகிறவரும், பத்து ஆண்டு ஓட்டியவரும் ஒன்றாக நின்றால் புதியவர் இரண்டாவது சுற்றிலேயே காணாமல் போவார். அதனால் பிரிட்டனில் நான்காம் பிரிவு, மூன்றாம் பிரிவு என்று படிகள் உண்டு. எல்லாரும் நான்கில் தொடங்க வேண்டும். பந்தயத்தில் முன்வரிசையில் முடித்தால் புள்ளி. 12 புள்ளி சேர்ந்தால் மூன்றாம் பிரிவு, அங்கிருந்து ஒரே பருவத்தில் 40 சேர்த்தால் இரண்டாம் பிரிவு, அதிலிருந்து 200 சேர்த்தால் முதல் பிரிவு, அதற்கும் மேலே 300 எடுத்தவருக்கு எலைட் என்ற உச்சப் படி. பல வருடங்களாக இங்கே வழக்கத்தில் இருக்கும் கணக்கு இது. நான்கிலிருந்து மூன்றுக்கு வர இரண்டு மூன்று நல்ல பந்தயம் போதும். மூன்றிலிருந்து இரண்டுக்குப் பலர் வாழ்நாளில் போவதில்லை, அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. எந்த சனிக்கிழமையும் உங்களைப் போன்ற முப்பது பேர் அங்கே இருப்பார்கள், ரேஸ் கடைசி மேடு வரை உயிரோடு இருக்கும்.

உடலில் குறை உள்ளவர்களுக்கு நான்கு வகை வண்டி. C என்றால் சாதாரண இரண்டு சக்கரம், கை கால் குறைபாட்டுக்கு ஏற்ப மாற்றம் செய்தது. T என்றால் மூன்று சக்கரம், உடல் சமநிலை வராதவர்களுக்கு. H என்றால் கையால் சுற்றும் வண்டி, பெரும்பாலும் படுத்தபடி ஓட்டுவது. B என்றால் இருவர் ஓட்டும் டேண்டம், முன்னால் பார்வையுள்ள பைலட், பின்னால் பார்வையற்ற ஓட்டுநர். எழுத்துக்குப் பக்கத்தில் வரும் எண் சின்னதாக இருந்தால் குறைபாடு அதிகம் என்று பொருள். C1-இல் இருப்பவருக்கு C5-ஐவிடத் தடை அதிகம்.

சாரா ஸ்டோரிக்கு இடது கை பிறப்பிலிருந்தே முழுதாக இல்லை. C5 பிரிவு. 1992-இல் 14 வயதில் பார்சிலோனா பாராலிம்பிக்கில் நீச்சலில் தங்கம் வாங்கியவர், பிறகு சைக்கிளுக்கு மாறினார். 2024 பாரிஸில் 46 வயதில் மேலும் இரண்டு தங்கம், மொத்தம் 19. இத்தாலியின் அலெக்ஸ் ஜனார்டி கார் பந்தயக்காரர். 2001-இல் ஜெர்மனியில் நடந்த விபத்தில் இரண்டு கால்களும் போயின. 2012 லண்டன் பாராலிம்பிக்கில் கைவண்டியில் இரண்டு தங்கம் வாங்கினார். அந்தப் பந்தயம் நடந்தது பிராண்ட்ஸ் ஹேட்ச் என்ற கார் ரேஸ் பாதையில்.

டேண்டத்தைப் பக்கத்தில் நின்று ஒருமுறை பாருங்கள். பைலட் வளைவுக்கு முன்னால் ஒரே ஒரு சொல் சொல்வார், பின்னாலிருப்பவர் அதற்குள் மிதிப்பதை நிறுத்தி உடலைச் சாய்த்திருப்பார். முன்னாலிருப்பவர் காற்றை வாங்க, பின்னாலிருப்பவர் தலையைத் தாழ்த்தி முழு பலத்தையும் சங்கிலிக்குத் தருகிறார்.

முதல் நாள்

விலை உயர்ந்த சைக்கிள் தேவையில்லை. இரண்டு பிரேக்கும் சரியாகப் பிடிக்க வேண்டும், டயரில் வெட்டு இருக்கக் கூடாது, வளைந்த ஹேண்டில்பாரின் முனைகளில் அடைப்பான் இருக்க வேண்டும். ஹெல்மெட் கட்டாயம். பணத்தை ஒரு உள்ளூர் கிளப்பில் சேரச் செலவழியுங்கள், ஏனென்றால் கூட்டத்தில் ஓட்டுவதைத் தனியாகக் கற்க முடியாது. அங்கே ஒருவர் தோளில் ஒருவர் கை வைத்தபடி ஓட்டச் சொல்வார்கள், முன்சக்கரத்தை அடுத்தவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் நுழைக்காதே என்று திரும்பத் திரும்பச் சொல்வார்கள். முன்னவர் கொஞ்சம் விலகினாலும் இரண்டு சக்கரமும் உரசும், விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர். நாற்பதுக்கு மேல் புதிதாகத் தொடங்குகிறவர்கள் முதலில் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டிவிட்டு வாருங்கள்.

எண் தாளை ஊக்கால் குத்துவதில்கூட ஒரு பக்குவம் இருக்கிறது. நிமிர்ந்து நிற்கும்போது குத்தினால், குனிந்து ஓட்டும்போது அது பாய் மாதிரி உப்பிக் காற்றைப் பிடிக்கும். சட்டையைப் போட்டுக்கொண்டு ஹேண்டில்பாரைப் பிடித்த மாதிரிக் குனிந்து நில்லுங்கள், வேறொருவரைக் குத்தித் தரச் சொல்லுங்கள். நடுவர் இருக்கும் பக்கம் தெரிகிற மாதிரி இடுப்புக்கு மேலே, நான்கு மூலையிலும்.

என் முதல் ரேஸில் பாதுகாப்பு என்று நினைத்துக் கூட்டத்தின் கடைசியில் போய் ஒட்டிக்கொண்டேன். அது தவறு. வளைவு வந்ததும் முன்னால் இருப்பவர் லேசாகத்தான் பிரேக் பிடிப்பார். அடுத்தவர் கொஞ்சம் அதிகமாகப் பிடிப்பார், முப்பதாவது ஆளுக்கு வரும்போது சைக்கிள் ஏறக்குறைய நின்றேவிடும். முன்னால் இருப்பவர்கள் வேகம் எடுத்த பிறகுதான் கடைசி ஆள் வளைவையே தாண்டுவார், பிறகு பாய்ந்து ஓடிப் பிடிக்க வேண்டும். சுற்றுக்கு நான்கைந்து வளைவு, ஒவ்வொன்றிலும் ஒரு பாய்ச்சல். மூன்றாவது சுற்றில் மேட்டின் பாதியில் முன்னால் இருந்த சக்கரத்துக்கும் எனக்கும் இடையில் ஒரு சைக்கிள் அளவு இடைவெளி விழுந்தது. அடுத்த கணமே முழு எதிர்காற்றும் என் மேல் இறங்கியது. அந்த ஒரு சைக்கிள் இடைவெளியை அதற்குப் பிறகு என்னால் மூடவே முடியவில்லை. முதல் பத்துப் பதினைந்து பேருக்குள் இருங்கள். அங்கே பயம் கொஞ்சம் அதிகம், ஆனால் உழைப்பு குறைவு.

பின்தங்கிவிட்டால் பதற வேண்டாம். பின்தங்கியவர்கள் ஒதுங்க வேண்டியது வலது பக்கமா இடது பக்கமா என்று நடுவர் முன்கூட்டியே சொல்லியிருப்பார். அந்த ஓரத்தை ஒட்டியே, கோடு மாறாமல் ஓட்டுங்கள். தலைமைக் கூட்டம் ஒரு சுற்று முந்தி வரும்போது அவர்கள் பின்னால் ஒட்டிக்கொள்ளலாமா, வெளியேற வேண்டுமா என்பது ஒவ்வொரு பந்தயத்துக்கும் மாறும். கிளம்பும் முன் நடுவரிடம் அதைக் கேட்டுவிடுங்கள், புதியவர் என்று சொன்னால் நின்று விளக்குவார்கள்.